இரண்டாம் மிதி

மார்ச் 3, செவ்வாய்

வேலை முடிந்து போகும் தொழிற்பயிற்சி மாலை வகுப்பில் தினமும் வேலைக்குறிப்பு எழுதித் தரச் சொல்கிறார்கள். மதிப்பெண் உண்டு என்பதால் அதில் எல்லாம் சரியாக நடந்ததாகவே எழுதுகிறோம். சரியாக நடந்ததா என்று எனக்கே நிச்சயம் இல்லாதவற்றை இந்த நோட்டில் எழுதுகிறேன்.

இன்று காலை பதினொரு மணிக்குக் காப்பீட்டுக் கம்பெனியிலிருந்து ஷப்னம் என்பவர் பட்டறைக்கு வந்தார். முதலாளி நந்தகோபால் அண்ணா நாற்காலி போட்டார். அவர் உட்காரவில்லை. மூன்றாம் ரிக்கைச் சுற்றி ஒரு முறை நடந்து, பிரேக் பெடலைச் செருப்பு நுனியால் தொட்டுப் பார்த்தார்.

“இதை செட் பண்ணது யாரு?”

“நான்தான் மேடம். சுகிர்தா.”

“ஒண்ணுமே தெரியாதவங்களுக்குச் சொல்ற மாதிரி முதல்ல இருந்து சொல்லுங்க.”

எல்லாம் தெரிந்தவர்கள்தான் இப்படிக் கேட்பார்கள். எதை விட்டுவிடுகிறேன் என்று பார்க்கிறாரோ என்று பட்டது. அதனால் எதையும் விடாமல் சொன்னேன்.

கார் பந்தயம் பழகுகிறவர்களுக்கு சிமுலேட்டர் செய்து தரும் பட்டறை இது. ஓர் இருக்கை, எதிரே வளைந்த திரை, ஸ்டீரிங், மூன்று பெடல். எல்லாம் சேர்ந்தது ஒரு ரிக். கடையில் வாங்குகிற ஸ்டீரிங் அப்படியே யார் கைக்கும் ஒத்துவராது. அதற்குள் இருக்கும் மோட்டார் கைக்கு எதிராக எவ்வளவு இழுக்க வேண்டும் என்று ஆளுக்கு ஆள் கூட்டிக் குறைப்போம். பிரேக் பெடலில் ஸ்பிரிங்கைக் கழற்றி ரப்பர் கட்டை வைப்போம். எவ்வளவு தூரம் மிதிக்கிறார்கள் என்பதை விட்டு, எவ்வளவு பலமாக மிதிக்கிறார்கள் என்று அளக்கும் லோட் செல்லைப் பொருத்துவோம். இரண்டு வருடமாக லாரி ஓட்டுநர்களும் வருகிறார்கள். அவர்களுக்குப் பெரிய வளையம், மெத்தென்ற பிரேக்.

“அவங்க எதுக்கு வர்றாங்க?”

“நகல் எடுக்க மேடம். கம்ப்யூட்டரே லாரி ஓட்டினப்ப ஆடு, சாக்கு, நிழல் எல்லாத்துக்கும் நின்னுச்சு. பின்னாடி வந்தவங்க இடிச்சாங்க. அதனால அனுபவம் உள்ள ஓட்டுநர்களைத் தேடினாங்க. அவங்க இங்க உட்கார்ந்து நாப்பது மணி நேரம் ஓட்டுவாங்க. கையும் காலும் எப்ப என்ன செய்யுதுன்னு மெஷின் கத்துக்கும். அப்புறம் அந்த நகல் போய் லாரியை ஓட்டும். அவங்க பேர்ல.”

“நகல் தப்பு பண்ணா?”

“அவங்க பண்ணதாத்தான் சட்டம்.”

“அப்ப இதைப் பாருங்க.”

கையிலிருந்த திரையில் ஒரு கோடு. பிப்ரவரி 24 காலை, பெருந்துறை புறவழிச்சாலை. சாலையில் வெள்ளைக் கோடு போடும் பழனியாண்டி என்ற தொழிலாளி, சாய்ந்துவிட்ட கூம்பை எடுக்க ஓரடி பின்னால் வந்திருக்கிறார். மாரப்பன் என்ற ஓட்டுநரின் நகல் ஓட்டிய லாரி அறுபது கிலோமீட்டர் வேகத்தில் வந்திருக்கிறது. கோடு சட்டென்று ஏறியது: பிரேக். பாதி இறங்கியது. மறுபடி ஏறியது.

“மிதிச்சு, விட்டு, மறுபடி மிதிச்சிருக்கு. நடுவுல அரை நொடி. அந்த அரை நொடி இல்லேன்னா ரெண்டு மீட்டர் முன்னாடியே நின்னிருக்கும். இப்ப அந்த மனுஷனுக்கு இடுப்பு மூணு இடத்துல உடைஞ்சிருக்கு.”

“மாரப்பன் ஐயா என்ன சொல்றார்?”

“இது என் கால் இல்லைங்கறார். அப்ப வேற யாரையோ உட்கார வெச்சு நகல் எடுத்திருக்கார். ஆள்மாறாட்டம். லைசென்ஸும் போகும், ஜெயிலும் உண்டு. பதினொண்ணாம் தேதி விசாரணை.” என்னைப் பார்த்தார். “இங்க வேலை செய்றவங்களுக்குத் தெரியாம அது நடந்திருக்குமா?”

எங்கள் வருகைப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு போனார்.

நந்தகோபால் அண்ணா ஒருகாலத்தில் கார்ட் எனும் குட்டிக் கார்களில் பந்தயம் ஓட்டியவர். யார் எதைக் காட்டினாலும் கிண்டல் செய்வார். இன்று அந்தக் கோட்டை நெடுநேரம் பார்த்துவிட்டு வேலைக்குத் திரும்பிவிட்டார். வகுப்புக்குக் கிளம்பும்போது சொல்லிக்கொள்ள உள்ளே போனேன். கம்ப்யூட்டர் திரையை அணைத்தார். குறித்து வைக்கிறேன். அதில் எந்த அர்த்தமும் இல்லாமலும் இருக்கலாம்.

மார்ச் 5, வியாழன்

தவறு என் பெடலில் இருக்கலாம் என்பதால் நேற்று மூன்றாம் ரிக்கைப் பிரித்தேன். லோட் செல் சரி. ஒயர் சரி. ரப்பர் தேயவில்லை. எடை வைத்து அளந்தேன், ஐந்து முறையும் ஒரே எண். பெடல் பொய் சொல்லவில்லை. அப்படியென்றால் ஆள்தான் பொய் சொல்கிறார்.

இன்று மதியம் அந்த ஆளே வந்தார். மாரப்பனுக்கு ஐம்பத்து நான்கு வயது, புளியம்பட்டிக்காரர். ஜனவரியில் பதினொரு நாள் வந்து ஓட்டியபோது பார்த்த அதே வெள்ளைச் சட்டை.

“ஏனுங்க அம்மிணி, அந்த மேடம் இங்கயும் வந்துச்சுங்களா?”

“வந்தாங்க. உட்காருங்க ஐயா.”

“நிக்கறேனுங்க. முப்பத்தஞ்சு வருசம் உட்கார்ந்தேதான போச்சு.”

கோட்டை வரைந்து காட்டினேன். தாளைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார்.

“மிதிச்சுப்போட்டு ஏனுங்க விடோணும்? நானெல்லாம் ரெண்டு பர்லாங் முன்னாலயே பார்த்துருவேன். கால் வெக்கறது வண்டிக்கே தெரியாது. டேஷ்போர்டுல டீ டம்ளர் வெச்சா சிந்தாதுங்க.”

“நாப்பது மணி நேரமும் நீங்கதான் ஓட்டினீங்களா?”

தாளைக் கீழே வைத்தார். “நீங்களுமா கேக்கறீங்க?”

“ஒருநாள் டெல்வின்கிட்ட சீட்டைக் குடுத்தீங்க. நான் பார்த்தேன்.”

“அந்த ரேஸ் பையனா? பத்து நிமிசமுங்க. லாரி எப்பிடி இருக்குதுன்னு பாரு சாமின்னேன். கொண்டு போயி பாலத்துல ஏத்திப்போட்டான்.” சிரித்தார். உடனே சிரிப்பை நிறுத்திக்கொண்டார். “லைசென்ஸ் போனா நகலும் நிக்கும், நானும் நிக்கோணும். அது போனாப் போச்சாதுங்க. ஏமாத்துக்காரன்னு பேராயிருமில்லீங்க. எங்கூரு பஸ்ஸுல ஏறுனா டிரைவரே திரும்பி வணக்கம் வெக்கறான். நாளைக்கு வெப்பானுங்களா?”

ஜெயிலுக்குப் போகக்கூடிய ஒருவர் அந்த இடத்தில் சிரிப்பாரா? நிரபராதிதான் சிரிப்பாரா, பழகியவர்தான் சிரிப்பாரா? இரண்டுக்கும் என்னால் காரணம் சொல்ல முடிகிறது. அதுதான் என் கோளாறு.

மார்ச் 7, சனி

டெல்வின் எங்கள் வாடிக்கையாளர். சிமுலேட்டர் பந்தயங்களில் மாநில அளவில் ஜெயித்தவன், வயது இருபத்தொன்று. பரபரப்பாக மிதிக்கும் கால் என்றால் அது அவனுடையதாகத்தான் இருக்க வேண்டும் என்று இரண்டு நாளாக நினைத்திருந்தேன். இன்று தன் பெடலுக்கு இன்னும் கெட்டியான ரப்பர் போட்டுத்தரச் சொல்லி வந்தான். போட்டுக்கொண்டே கேட்டேன்.

“ஜனவரியில மூணாம் ரிக்ல எத்தனை நாள் ஓட்டின?”

“அக்கா, ஸ்பானரைக் கையில வெச்சுட்டு இப்படிப் பார்க்காதீங்க. பயமா இருக்கு.”

“எத்தனை நாள்?”

“ஒரே நாள், பத்து நிமிஷம். அந்த பெருசு எனக்கு வடை வாங்கிக் குடுத்து உட்கார வெச்சார். அது லாரியா, கப்பலா?”

“அவருக்குப் பதிலா நீ ஓட்டித் தந்தியா?”

வாய்விட்டுச் சிரித்தான். முதல் ரிக்கில் போய் உட்கார்ந்து, இருநூறில் போய் ஒரு மிதி மிதித்தான். கோடு சுவர் மாதிரி எழும்பி, பிறகு சரிவாக இறங்கியது.

“பார்த்துக்கோங்க. முதல் அடியே முழு அடி. அப்புறம் வளைவுக்குள்ள போகப் போக விடறது. விட்டுட்டு மறுபடி மிதிச்சா நான் கடைசி ஆளா வருவேன்.”

நான் வரைந்திருந்த கோட்டை எடுத்துப் பார்த்தான்.

“இது ரேஸ்காரன் காலும் இல்ல, தூங்கினவன் காலும் இல்லக்கா. மிதிச்சது சரிதானான்னு தன்னையே கேட்டுக்கிற ஆளு. இந்த மாதிரி ஆளுங்களைப் பின்சீட்டுல உட்கார வெச்சுக் கூட்டிட்டுப் போகணும்.”

எங்களிடம் நகல் எடுத்த நாற்பத்தொரு ஓட்டுநர்களையும் ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தேன். அப்படி ஒருவரும் இல்லை.

பிறகுதான் மணி நேரப் பதிவு ஞாபகம் வந்தது. சரக்குக் கம்பெனிக்குப் போகும் பதிவில் நாற்பது மணி நேரமும் ஒட்டி ஒரே நீளமாக இருக்கும், எந்த நாளில் எத்தனை மணிக்கு மிதித்தது என்பது இருக்காது. அது எங்கள் கம்ப்யூட்டரில் மட்டும்தான் இருக்கும். திறந்தேன். மூன்றாம் ரிக்கின் பதிவுகளைக் காணவில்லை. இரண்டு வருடப் பதிவு மொத்தமும்.

அந்த இடத்துக்கான கடவுச்சொல் இரண்டு பேருக்குத்தான் தெரியும். நான் அழிக்கவில்லை. அழிக்கவில்லைதானே என்று மூன்று முறை யோசித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

மார்ச் 9, திங்கள்

இன்று அண்ணாவிடம் கேட்டுவிட்டேன். ஞாயிறு முழுக்கச் சொல்லிப் பார்த்த வாக்கியங்கள் எதுவும் வரவில்லை.

“அண்ணா, மூணாம் ரிக் பதிவு எங்க?”

சாலிடரிங் இரும்பைக் கீழே வைத்தார். “தேடினியா?”

“நீங்க அழிச்சீங்களா?”

“அழிக்கல. எடுத்து வெச்சிருக்கேன்.”

“மாரப்பனுக்காகவா? அவர்கிட்ட ஏதாவது பேசி...”

“சுகி, நான் யாருக்காக எடுத்து வெச்சேன்னு தெரிஞ்சா நீ இப்படிக் கேக்க மாட்டே.” டிராயரைத் திறந்து ஒரு டிஸ்க்கை மேசையில் வைத்தார். “பார்க்காம இருந்தா நல்லது. ஆனா நீ பார்க்காம இருக்க மாட்டேன்னும் தெரியும்.”

பார்த்தேன். மாரப்பனின் பெயரில் பதினொரு நாள். அவர் ஓட்டிய பகுதி முழுவதும் கோடு ஏரித்தண்ணீர் மாதிரி கிடந்தது. ஒரு தடவைகூட அவர் ஓங்கி மிதிக்கவில்லை; டெல்வினின் பத்து நிமிடத்திலும் பாலம்வரை பிரேக்கே இல்லை. திடீர் பிரேக் என்று மெஷின் குறித்திருந்தது மொத்தம் நூற்றுப் பத்து. நூற்றுப் பத்தும் இரண்டு மிதி. எல்லாம் காலை ஒன்பது ஐந்துக்கும் ஒன்பது இருபதுக்கும் நடுவில்.

மாரப்பன் தினமும் ஒன்பதரைக்குத்தான் வருவார்.

என் வேலைக்குறிப்பை எடுத்துப் பார்க்கத் தேவையே இல்லை. அதில் என்ன இருக்கும் என்று தெரியும். தினமும் காலை போல்ட்டுகளை முடுக்கிவிட்டு, அறுபதில் ஓட்டி, பத்து முறை முழு பிரேக் போட்டுச் சோதிப்பேன். முதல் மிதியில் எண் சரியாக வந்ததா என்று சந்தேகம் வரும். ஒரு கணம் விட்டு மறுபடி மிதிப்பேன்.

சோதிக்கும்போது பட்டறைக்கென்று உள்ள பெயருக்கு மாற்றிவிட்டுத்தான் மிதிக்க வேண்டும். மூன்றாம் ரிக்கில் பெயரை மாற்றினால் இருக்கை பின்னால் ஓடிவிடும், ஸ்டீரிங் மேலே ஏறிவிடும். மறுபடி சரிசெய்ய இருபது நிமிடம் ஆகும். முதல் நாள் அப்படி ஆனபோது மாரப்பன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, “ஒண்ணுமில்லீங்க அம்மிணி, பழகிக்கறேன்” என்றார். மறுநாளிலிருந்து நான் பெயரை மாற்றவில்லை. அவர் பெயர் திறந்திருக்கும்போதே என் பத்து மிதியையும் மிதித்தேன். பெடல்தானே, இதில் என்ன என்று இருந்திருக்கிறேன். முதல் நாளும் அப்படித்தான்: மறந்துபோய், மிதித்து முடித்த பிறகுதான் பெயரை மாற்றியிருக்கிறேன்.

சாலையில் ஒன்றும் ஆகாதவரை அந்த நகல் மாரப்பன். ஏதாவது ஆனால் அது நான்.

“அந்தம்மா திரையைக் காட்டினப்பவே எனக்குத் தெரியும்” என்றார் அண்ணா. “மூணு வருஷமா தினமும் காலையில அந்தச் சத்தத்தைக் கேக்கறேன். டக், டடக்.”

“ஏன் சொல்லல?”

“சொன்னா நீ என்ன செய்வேன்னு தெரியும்.”

“என்னைக் காப்பாத்தறீங்களா, பட்டறையையா?”

“ரெண்டும்தான்” என்றார். அதை நம்பினேன். வேறு எதைச் சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

டிஸ்க்கில் இருந்த மற்றப் பெயர்களையும் பார்த்தேன். மூன்றாம் ரிக்கில் உட்கார்ந்தவர்கள் பத்தொன்பது பேர். அவர்களுக்கும் ஏதாவது ஒரு நாள் இருக்கை ஓடியதும் இதையேதான் செய்திருக்கிறேன்: பத்தொன்பது பேர் பதிவிலும் என் கால் இருந்தது. மாரப்பனின் நகலை மட்டும்தான் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். மற்ற பதினெட்டும் இந்த நேரம் எங்காவது ஓடிக்கொண்டிருக்கின்றன.

“புதன்கிழமை நான் போறேன் அண்ணா.”

“போ. ஆனா அந்தம்மா உன்னை நம்பும்னு நினைச்சுட்டுப் போகாத.”

மார்ச் 11, புதன்

விசாரணை நீலாம்பூர் பக்கம், சரக்குக் கம்பெனியின் லாரி நிறுத்துமிடத்திலேயே நடந்தது. தகரக் கூரைக்குக் கீழ் நீள மேசை. குழுத் தலைவர் ஓய்வு பெற்ற பொறியாளர். ஒரு பக்கம் ஷப்னம். எதிரே மாரப்பன் தனியாக நின்றார்.

நான் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். டிஸ்க்கைக் கொடுத்தேன். ஷப்னம் அதைத் தொடவே இல்லை.

“இது எங்க இருந்தது?”

“அண்ணா டிராயர்ல.”

“எத்தனை நாளா?”

“ஆறு நாள்.”

“ஆறு நாள் டிராயர்ல இருந்ததுல யாரு என்ன எழுதினாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்? திடீர்னு ஒரு பொண்ணு வந்து தப்பு என்னுதுங்கறீங்க. மாரப்பன் உங்களுக்குச் சொந்தமா?”

“இல்ல மேடம்.”

“அப்ப யாரு சொல்லிக் குடுத்தது?”

மாரப்பன், “அம்மிணி, ஏனுங்க உங்களுக்கு இந்த வேலை” என்றார். அது இன்னும் மோசமாகப் போயிற்று. ஷப்னம் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

தலைவர்தான், “வாதம் எதுக்கு? மிதிச்சுக் காட்டட்டும்” என்றார். கம்பெனியிடம் ஒரு ரிக் இருந்தது. கூம்பு எப்போது குறுக்கே வரும் என்று எனக்குத் தெரியாதபடி வைத்தார்கள். பத்து முறை.

முதல் கூம்பு வந்தது. கால் இறங்கியது. இறங்கிய இடத்திலேயே நின்றது. கோடு ஒரே ஏற்றமாக ஏறி நேராகப் போயிற்று.

இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதும். திங்கள்கிழமையிலிருந்து அந்த அரை நொடியைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்த கால் அதை மறந்துவிட்டிருந்தது. ஆறாவது கூம்புக்கு முன் யோசித்தேன்: வேண்டுமென்றே விட்டு மிதிக்கலாம். பார்ப்பவர்களுக்கு வித்தியாசம் தெரியாது. மாரப்பன் தப்பித்துவிடுவார். ஆனால் அது நான் நடித்த கால். அந்தக் கூட்டத்திலேயே முதல் ஆள்மாறாட்டம் அதுவாகத்தான் இருக்கும். கூம்பு வந்தது. விடாமல் மிதித்தேன்.

பத்தும் ஒரே மிதி.

“நீங்க சொன்ன கால் இது இல்லையே அம்மா” என்றார் தலைவர். ஷப்னம் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம்.

என் கையில் ஒரு தாள் மட்டும் மிச்சம் இருந்தது. பத்தொன்பது பெயர்கள்.

“சார், டிஸ்க்கை நம்ப வேண்டாம். என்னையும் நம்ப வேண்டாம். இதுல இருக்கிற பத்தொன்பது பேரும் வேற வேற ஊர். ஒருத்தரை ஒருத்தர் தெரியாது. இவங்க நகல் எல்லாம் உங்க லாரியிலதான் இருக்கு, எங்க பட்டறையில இல்ல. நாங்க தொட முடியாது. ஏதாவது ஒண்ணைத் திடீர்னு நிறுத்திப் பாருங்க.”

தலைவர் தாளை வாங்கி, கண்ணை மூடிக்கொண்டு ஒரு பெயரில் விரல் வைத்தார். தங்கமணி, காங்கேயம். அந்த நகல் ஓட்டும் லாரி தேங்காய் நார் இறக்கிவிட்டு அங்கேயே நின்றிருந்தது. நிறுத்துமிடத்தின் கடைசிவரை கொண்டு போய், ஆளில்லாமல் திரும்பி வரவிட்டார்கள். பாதி வழியில் ஒரு காலி டிரம்மை உருட்டினார்கள்.

லாரியின் மூக்கு குனிந்தது. நிமிர்ந்தது. மறுபடி குனிந்தது. டிரம் தட்டையாகிப் போன சத்தம் கூரைவரை கேட்டது.

என் காலை நான் வெளியிலிருந்து பார்த்தது இன்றுதான். பதினான்கு சக்கரங்களோடு.

ஷப்னம் எழுந்து, தொலைபேசியை எடுத்துக்கொண்டு வேகமாக வெளியே போனார். “எல்லாத்தையும் ஓரம் கட்டுங்க. இப்பவே. ஆமா, சரக்கோடதான்” என்று கத்துவது கேட்டது.

மாலை நான்கு மணிக்கு முடிவை வாசித்தார்கள். மாரப்பன் மீது குற்றம் இல்லை, உரிமம் அவரிடமே இருக்கும். நகலில் இருந்த கால் யாருடையது என்ற இடத்தில், ‘அடையாளம் தெரியாத நபர்’ என்று இருந்தது.

“சார், அது நான்தான்” என்றேன்.

“பத்து தடவை மிதிச்சீங்க. பத்து தடவையும் அது நீங்க இல்லை. நான் வேற என்ன எழுதறது?”

திரும்பி வரும் வழியில் கோவை அரசு மருத்துவமனை நிறுத்தத்தில் இறங்கினேன். பழனியாண்டி அங்கே இருப்பதாகச் சொல்லியிருந்தார்கள். வார்டு வாசலில் அவர் மனைவி உட்கார்ந்திருந்தார். “நீங்க யாரும்மா?” என்றார். சொன்னேன். முழுவதும் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, “லாரியை அந்தப் பெரியவர்தான ஓட்டினார்?” என்றார். மறுபடி சொன்னேன். “அப்ப லாரியில யாருமே இல்லையா?” என்றார்.

வகுப்புக்குப் போகவில்லை.

மார்ச் 13, வெள்ளி

ஷப்னம் மறுபடி வந்தார். இந்த முறை நாற்காலியில் உட்கார்ந்தார். தேநீரும் குடித்தார். அதனாலேயே எனக்கு பயமாக இருந்தது.

“புதன்கிழமை நீங்க போட்ட பத்து பிரேக்கை சரக்குக் கம்பெனியில அலசிப் பார்த்திருக்காங்க. இதுவரைக்கும் எந்த ஓட்டுநர்கிட்டயும் இவ்வளவு சுத்தமா வந்ததில்லையாம். பத்தொன்பது நகல்லயும் பழைய பிரேக்கை எடுத்துட்டு அதைப் போட்டுடலாம்னு முடிவு.”

“அது என் கால் மேடம்.”

“நல்ல கால்.”

“நகல் அவங்க பேர்ல ஓடும். நாளைக்கு ஏதாவது ஆனா?”

“பேர் அவங்களோடதுதான். சட்டம் மாறலையே.”

“நான் சம்மதிக்கலைன்னா?”

“விசாரணையில பதிவானது குழுவோட சொத்து. உங்க சம்மதம் தேவையில்லை. மரியாதைக்காகச் சொல்ல வந்தேன். ஓட்டுநர்கள் சம்மதிக்கணும், அவ்வளவுதான்.” எழுந்தவர் வாசலில் நின்றார். “நீங்க அன்னைக்கு ஆறாவது கூம்புக்கு முன்னாடி யோசிச்சீங்க. கவனிச்சேன். அப்பதான் உங்களை நம்பினேன். எழுதறதுக்குத்தான் வழியில்லை.”

அவர் போனதும் அண்ணா சொன்னார்: “தெரியாம செஞ்சப்ப ஒருத்தரை ஜெயில்ல போடப் பார்த்தாங்க. தெரிஞ்சே செஞ்சா அதுக்குப் பேரு முன்னேற்றம்.” திங்களுக்குப் பிறகு அவர் என்னிடம் பேசிய முதல் வாக்கியம் அது.

ஓட்டுநர்கள் சம்மதிக்க வேண்டும் என்றாரே, அதைப் பிடித்துக்கொண்டேன். பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். நடந்ததைச் சொல்லி, வந்து உங்கள் காலாலேயே திடீர் பிரேக்கைப் பதிந்துவிட்டுப் போங்கள், ஒரு மணி நேரம்தான் ஆகும், பெயரை மாற்றாமல் நான் பெடலைத் தொடவே மாட்டேன் என்றேன்.

காங்கேயம் தங்கமணி, “உங்களதுதான் எல்லாத்தையும் விட நல்லா நிக்குதாமே கண்ணு, அதே இருக்கட்டும்” என்றார். திருப்பூர்க்காரர் ஒருவர், “நான் மிதிச்சு அது சொதப்பலா இருந்தா நகலையே எடுத்துருவாங்க, எதுக்கு வம்பு” என்றார். பவானிக்காரர் நான் சொல்லி முடிக்கும் முன்பே சம்மதம் கொடுத்தாயிற்று என்றார். அந்தியூரிலிருந்து இருவர் மட்டும் வருவதாகச் சொன்னார்கள்.

மாரப்பனைக் கடைசியாக வைத்திருந்தேன். தன் கால் இல்லை, ‘என்ற காலு இல்லீங்க’ என்று ஊர் முழுக்கச் சொன்னவர். அவர் வந்துவிட்டால் போதும், மற்றவர்களும் யோசிப்பார்கள்.

“மத்தவங்க என்னங்க சொன்னாங்க?”

“ரெண்டு பேர் வர்றாங்க. பதினாறு பேர் என் காலே போதும்னுட்டாங்க.”

அவருக்குப் பின்னால் ஏதோ பேருந்து ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று.

“அம்மிணி, முப்பத்தஞ்சு வருசத்துல ஓங்கி மிதிக்கற வேலையே எனக்கு வந்ததில்லீங்க. வந்திருந்தா எப்பிடி மிதிச்சிருப்பேன்னு ரெண்டு நாளா ரோசனை. சோறு திங்கறப்பக்கூட தரையில காலை ஊனி ஊனிப் பார்க்கறேன். அந்த மனுசன் கூம்பை எடுக்கறது கண்ணு முன்னால வருது. கால் நடுவுல நின்னுக்குது.”

“அது சும்மா யோசிக்கறதால ஐயா. வாங்க. உட்கார்ந்து மிதிச்சாத் தெரிஞ்சுரும்.”

“தெரிஞ்சுரும்ங்க. அதான்.” மூச்சு விடுவது கேட்டது. “உட்கார்ந்து மிதிச்சு, அதுவும் ரெண்டு மிதியா வந்துருச்சுன்னா? ஊருக்கெல்லாம் என்ற காலு இல்லைன்னு சொல்லீட்டனே.”

பேனாவை எடுத்து அவர் பெயருக்கு நேரே வைத்தேன்.

“உங்களதையே போட்டுருங்க அம்மிணி. பேரு மட்டும் என்றதா இருக்கட்டும்.”

பட்டியலின் ஓரத்தில் எழுதியிருந்த பதினாறை அடித்துவிட்டு, பதினேழு என்று எழுதினேன்.